வாசல் தேடி வரும் உணவு

பசித்தவன் உணவு இருக்கும் இடத்தை நாடிப் போவதே உலகத்தில் நெடுங்கால வழக்கு. அடுப்பு நின்ற இடத்திலேயே நிற்கும், உண்பவன்தான் நடப்பான். இவ்வழக்கு கடந்த இருபது ஆண்டுகளுக்குள் பெருநகரங்களில் தலைகீழாயிற்று. இப்பொழுது உண்பவன் இருந்த இடத்தில் இருக்கிறான். உணவு வீதிகளைக் கடந்து, மாடிப்படிகளில் ஏறி, அவன் கதவைத் தட்டுகிறது. இந்த மாற்றத்தை உண்டாக்கிய கம்பனிகள் பல நாடுகளில் உள. அவற்றுள் இந்தியாவில் தோன்றி வளர்ந்த சொமாட்டோ என்னும் கம்பனியின் வரலாறு தனியே எடுத்துச் சொல்லத் தக்கது. அக்கம்பனி தொடங்கியபோது சோறு சமைக்கவில்லை. சமைத்த சோற்றைச் சுமக்கவும் இல்லை. அது செய்ததெல்லாம் கடுதாசிகளைப் படம் பிடித்ததுதான்.

தில்லியில் பெயின் என்னும் ஆலோசனைக் கம்பனி ஒன்றின் கந்தோரில் தீபீந்தர் கோயல், பங்கஜ் சத்தா என்னும் இரண்டு இளைஞர்கள் வேலை பார்த்தனர். இருவரும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கற்றவர்கள். மத்தியானமானால் அக்கந்தோரில் ஒரு காட்சி தவறாது நடைபெறும். அயலிலுள்ள உணவுச்சாலைகளின் விலைப்பட்டியல்கள் சில அங்கே கிடக்கும். அவற்றைப் பார்ப்பதற்கு உத்தியோகத்தர் பலர் காத்து நிற்பர். ஒருவர் பார்த்து முடித்தால்தான் மற்றவர் கைக்கு வரும். பசி நேரத்தில் கடுதாசிக்காகக் காத்திருப்பது எவருக்கும் பிரியமான காரியமன்று. இவ்விளைஞர்கள் அப்பட்டியல்களைப் படமெடுத்துக் கந்தோர்க் கணினிகளில் எல்லோரும் பார்க்கும்படி இட்டு வைத்தனர். கூட்டம் அங்கே திரும்பியது. கந்தோருக்குப் பயன்பட்டது ஊருக்கும் பயன்படாதா என்று எண்ணி, 2008ஆம் ஆண்டில் 'பூடிபே' என்ற பெயரில் அதனை இணையத்தில் யாவருக்கும் திறந்து விட்டனர்.

இணையக் கம்பனி என்றதும் ஓர் அறையில் இருந்தபடியே பெட்டிகளைத் தட்டி உலகை ஆளும் தொழில் என்று நேயர்கள் எண்ணக்கூடும். இக்கம்பனியின் முதல் வேலை கால்நடையாகவே நடந்தது. ஆட்கள் தெருத் தெருவாகச் சென்று, கடை கடையாக ஏறி, விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கினர். வாங்கியதைப் படம் பிடித்தனர். சில மாதங்களில் விலை மாறும், திரும்பவும் போயினர். உணவுச்சாலைக்காரர் தம் பட்டியலைத் தாமே இணையத்தில் இடுவதற்கு அக்காலத்தில் அக்கறை கொள்ளவில்லை. மற்றவர்கள் அலுப்பென்று விட்டதை இவர்கள் அலுக்காமற் செய்தார்கள் என்பதே அதன் முதல் வெற்றிக்குக் காரணம். வருவாயோ உணவுச்சாலைகள் கொடுத்த விளம்பரப் பணத்திலிருந்து வந்தது.

2010ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. சஞ்சீவ் பிக்சந்தானி நிறுவிய இன்ஃபோ எட்ஜ் கம்பனி ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலரை முதலீடு செய்தது. பெயரும் மாறியது. பழைய பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதன் கடைசி நான்கு எழுத்துக்கள் ஈபே என்னும் அமெரிக்க வாணிபக் கம்பனியின் பெயராகவே அமைந்திருந்தன. பின்னால் வழக்கு வரக்கூடும் என்று அஞ்சியே சொமாட்டோ என்ற புதுப்பெயரை வைத்தார்கள். பெயரைச் சொன்னவுடன் தக்காளி நினைவுக்கு வருவதில் அவர்களுக்கு ஆட்சேபமில்லை.

பணம் வந்தது, வெளிநாட்டு ஆசையும் வந்தது. 2012ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு நாடுகளுக்கும், கட்டாருக்கும், பிரித்தானியாவுக்கும், பிலிப்பைன்சுக்கும், தென்னாபிரிக்காவுக்கும் அது கிளை பரப்பியது. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் அர்பன்ஸ்பூன் என்னும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. ஆயினும் விரித்த வேகத்திலேயே சுருக்க வேண்டியதாயிற்று. 2015 முடிவதற்குள் முந்நூறு ஊழியர் அளவில் வேலையிழந்தனர். 2016இல் ஒன்பது நாடுகளில் அலுவல் சுருங்கியது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் அவற்றுள் அடங்கும், இலங்கையும் அடங்கும்.

தடுமாற்றத்தின் காரணம் தூரதேசங்களில் இருக்கவில்லை, பெங்களூரில் இருந்தது. 2014ஆம் ஆண்டில் அந்நகரின் கோரமங்கலா என்னும் பகுதியில் ஸ்விக்கி என்றொரு சிறு கம்பனி தோன்றியது. எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று சொல்வதில் அது மினக்கெடவில்லை. தன் சொந்த ஆட்களை மோட்டார்ச் சைக்கிளில் அனுப்பி, உணவை வாங்கி, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது. அதுவரையில், இணையத்தில் உணவுக்குக் கட்டளை எடுத்த கம்பனிகள் பலவும் கட்டளையைக் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு நின்றுகொண்டன. கடைக்காரன் பையன் ஒருவனிடம் பொதியைக் கொடுத்து அனுப்புவான். பையன் வழி தவறுவான். மழை வந்தால் வரமாட்டான். உண்பவனோ கடையைக் கோபிக்காமல் கட்டளை எடுத்த கம்பனியைக் கோபிப்பான். அத்தகைய கம்பனிகள் பல அக்காலத்திலேயே மூடுண்டன. ஸ்விக்கி நடுவிலிருந்த அந்த வெளியைத் தன் கைக்குள் எடுத்தது. அடுப்புக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள இரண்டு மூன்று மைல் தூரம்; உணவு வியாபாரத்தின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது.

சொமாட்டோவும் 2015இல் உணவுக் கட்டளை எடுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் சுமக்கும் வேலை தனக்குரியதன்று என்ற எண்ணம் அதற்கு எளிதில் அகலவில்லை. 2017இல் ரன்னர் என்னும் பகிர்ந்தளிக்கும் கம்பனியை வாங்கிய பின்னரே அவ்வெண்ணம் முற்றாக மாறியது. சிவப்புச் சட்டையும் சிவப்புப் பெட்டியும் அணிந்த மோட்டார்ச் சைக்கிள்கள் இந்திய நகரங்களின் நாற்சந்திகளை நிறைத்தன. அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் நடந்தது ஒரு கம்பனியின் கதை. அதற்குப் பின் நடந்தது வேறொரு கம்பனியின் கதை என்றே கொள்ளலாம்.

ஒரு கட்டளை எவ்வாறு நிறைவேறுகிறது என்பதைச் சிறிது பார்க்கலாம். வீட்டிலிருப்பவர் கைத்தொலைபேசியில் ஓர் உணவைத் தெரிந்து, பணத்தையும் கட்டி விடுகிறார். அக்கணத்தில் உணவுச்சாலையின் மேசைமீதுள்ள கருவி மணியடிக்கிறது. இந்த அடுப்பில் இந்த உணவு சமைய இந்நேரத்தில் எத்தனை நிமிடம் செல்லும் என்பதைக் கம்பனியின் கணினி பழைய கணக்குகளைக் கொண்டு மதிப்பிடுகிறது. உணவு ஆயத்தமாகும் வேளைக்குக் கடைவாசலில் வந்து சேரத்தக்க ஓட்டுநர் யாரென்று தேடி அவருக்கு அழைப்பு விடுகிறது. அவர் வண்டி எந்தச் சந்தியில் நிற்கிறது, எந்த ஒழுங்கையில் திரும்புகிறது என்பதை வீட்டிலிருப்பவர் படத்திற் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் அரிசியோ அடுப்போ கம்பனிக்குச் சொந்தமன்று. வண்டி ஓட்டுநருடையது, பெற்றோலும் அவர் செலவு. கடைக்காரனுக்கு விற்பனை, அதில் ஐந்திலொரு பங்களவும் சில வேளை அதற்கு மேலும் கம்பனிக்குத் தரகு. ஓட்டுநருக்கு ஓர் உணவுக்கு இவ்வளவு என்று கூலி. மாதச் சம்பளம் இல்லை. அவரைக் கம்பனி ஊழியர் என்று அழைப்பதுமில்லை. பங்காளர் என்று அழைக்கிறது.

இந்தச் சொல்லின் அருமையை அறிவதற்குப் பம்பாயை நோக்க வேண்டும். உணவு சுமந்து செல்லும் தொழில் அந்நகருக்குப் புதிதன்று. 1890ஆம் ஆண்டு முதலாக அங்கே டப்பாவாலாக்கள் என்போர் வீடுகளில் சமைத்த மத்தியானச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரங்களில் எடுத்துக் கந்தோர்களுக்குக் கொண்டு செல்கின்றனர். பாத்திரத்தின் மூடியில் நிறத்தாலும் எண்ணாலும் எழுத்தாலும் ஒரு குறி இருக்கும்; அதுவே முகவரி. புகையிரதத்தில் கைமாறிக் கைமாறிப் போய், வெறும் பாத்திரம் மாலையில் வீடு திரும்பும். அதிகம் படியாதவர்கள் நடத்தும் இவ்வொழுங்கைப் பல்கலைக்கழகத்தார் வந்து ஆராய்ந்து சென்றதுண்டு. அவர்களும் பங்காளர்களே. ஆனால் அங்கே தொழிலின் ஆதாயம் சுமப்பவர்களுக்குள்ளேயே பங்கிடப்படுகிறது. மேலே முதலாளி இல்லை. ஒரே சொல் இரண்டு இடங்களில் வழங்குகிறது, இரண்டு பொருளில்.

சொமாட்டோவின் பணக்கணக்கு நெடுங்காலம் நட்டக் கணக்காகவே இருந்தது. 2019-20ஆம் நிதியாண்டில் மாத்திரம் நட்டம் 2,300 கோடி ரூபாவுக்கு மேல். இந்நட்டம் விரும்பி ஏற்றது. வெளியிலிருந்து முதலீட்டாளர் கொடுத்த பணத்தைக் கழிவாகவும் சலுகையாகவும் வாரியிறைத்து, வீட்டுச் சமையலை விட்டு மக்கள் கட்டளை இடும் பழக்கத்தை வளர்ப்பதே நோக்கம். அரை விலைக்குச் சோறு வந்தால் யார்தான் வேண்டாமென்பார்! ஆனால் அக்கழிவில் ஒரு பகுதி உணவுச்சாலைகளின் தலையில் விழுந்தது. 2019 ஆகஸ்டில் குருகிராம் நகரில் தொடங்கி, உணவுச்சாலை உரிமையாளர் பலர் இத்தகைய சலுகைத் திட்டங்களிலிருந்து கூட்டமாக வெளியேறினர். விளக்கைப் பிடித்தவன் வீட்டுக்காரனை வெளியே தள்ளுகிறான் என்பது அவர்களின் முறைப்பாட்டின் சாரம். 2022இல் இந்தியப் போட்டி ஆணைக்குழுவும் சொமாட்டோ, ஸ்விக்கி ஆகிய இரண்டையும் பற்றி விசாரணைக்குக் கட்டளை இட்டது.

2020 ஜனவரியில் ஊபர் ஈட்ஸ் கம்பனியின் இந்திய வியாபாரத்தைச் சொமாட்டோ எடுத்துக்கொண்டது. காசு கொடுக்கவில்லை, தன் பங்குகளில் ஏறத்தாழப் பத்து வீதத்தை ஊபருக்குக் கொடுத்தது. களத்தில் எஞ்சிய பெரியோர் இருவரே. அடுத்த இரண்டு மாதங்களில் கொரோனா நோய் வந்து நாடு முழுவதும் அடைபட்டது. முதலில் கட்டளைகள் வெகுவாகக் குறைந்தன. மே மாதத்தில் ஊழியரில் 13 வீதத்தினர் நீக்கப்பட்டனர். பின்னர் நிலை மாறியது. உள்ளிருந்து உண்ணத் தடையுண்டான காலத்தில் உணவுச்சாலைகளுக்கு அடுப்பு எரிய வேறு வழி இருக்கவில்லை. முன்னாண்டு சண்டையிட்டு வெளியேறியவர்களுக்கும் அதே வாசலே வழியாயிற்று.

2021 ஜூலையில் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 76 ரூபா. திரட்டக் கருதிய தொகை 9,375 கோடி ரூபா. ஒரு நாளும் ஆண்டிலாபம் காணாத கம்பனியின் பங்குக்கு, வெளியிட்டதைப் போல் முப்பத்தெட்டு மடங்கு விண்ணப்பம் குவிந்தது. ஜூலை 23ஆம் நாள் சந்தையில் முதல் விலையே நூற்றுக்கு மேல் ஏறியது. மறு ஆண்டு ஜூலையில் அதே பங்கு நாற்பது ரூபாவை அண்டி விழுந்தது. 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இரண்டு கோடி ரூபா இலாபம் காட்டியது. தொகை சிறிது, ஆனால் முதலிலாபம். 2023-24இல் அது 351 கோடியாயிற்று. 2024 டிசம்பரில் பம்பாய்ப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் சுட்டெண்ணில், இந்தியாவின் பெருங்கம்பனிகள் முப்பதுள் ஒன்றாக அது இடம் பெற்றது. இலாபம் வந்த வழிகளுள் ஒன்று சிறிய துளிகளால் ஆனது. 2023 ஆகஸ்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு ரூபா தனிக் கட்டணமாக விதிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அது பத்து ரூபாவாக வளர்ந்திருந்தது. பழக்கத்தை உண்டாக்கக் கழிவு கொடுத்தவர்கள், பழக்கம் உண்டானபின் கட்டணம் வாங்கினார்கள்.

வேகத்தின் கதை இன்னும் உளது. 2022 மார்ச்சில் பத்து நிமிடத்தில் உணவு தருவோம் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. ஓட்டுநர் உயிரைப் பணயம் வைக்கிறீர்களா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வீட்டருகே சமையற்கூடங்களை அமைப்பதால்தான் நேரம் குறைகிறதென்றும், ஓட்டுநருக்கு நேரக்கெடு சொல்லப்படுவதில்லை என்றும், தாமதத்துக்குத் தண்டனை இல்லை என்றும் கோயல் விடை கூறினார். விடையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பல கட்டளைகளை முடித்தாற்றான் வயிற்றுக்குப் போதும் கூலி வரும் என்ற நிலையில், நேரக்கெடு வாயாற் சொல்லப்படவேண்டிய அவசியமுமில்லை. அந்த முயற்சி ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. எனினும் அதே 2022இல் பிளிங்கிட் என்னும் பலசரக்குக் கம்பனியைச் சொமாட்டோ வாங்கி, பால், முட்டை, சவர்க்காரம் முதலியவற்றைப் பத்து நிமிடத்திற் கொடுக்கலாயிற்று. குடியிருப்புகளுக்கு நடுவே சிறு பண்டசாலைகள் எழுந்தன. 2025இல் தாய்க் கம்பனி இற்றேர்னல் என்று பெயர் மாறியது. உணவுப் பகுதிக்குச் சொமாட்டோ என்ற பெயர் நிலைத்தது. அவ்வாண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் பலசரக்கின் கட்டளைப் பெறுமதி உணவின் கட்டளைப் பெறுமதியை முந்தியது.

சுமப்பவரிடத்துத் திரும்புவோம். 2019 ஜூலையில், உணவு கொண்டுவருபவர் வேற்று மதத்தவர் என்பதற்காக ஜபல்பூரில் ஒருவர் கட்டளையை ரத்துச் செய்தார். ஆளை மாற்றவும், பணத்தைத் திருப்பவும் கம்பனி மறுத்தது. அது பாராட்டுக்குரிய மறுப்பே. 2024 மார்ச்சில் அதே கம்பனி, சைவ உணவுக்கென்று தனியாகப் பச்சைச் சட்டை அணிந்த கூட்டமொன்றை அமைப்பதாக அறிவித்தது. மறுநாளே பச்சைச் சட்டை கைவிடப்பட்டது. சிவப்புச் சட்டைக்காரர் எல்லோரும் மாமிசம் சுமப்பவர் என்று கருதப்பட்டுக் குடியிருப்பு வாயில்களில் தடுக்கப்படலாம் என்பது காரணம். சட்டையின் நிறம் ஒருவரை வாயிலில் நிறுத்தக்கூடும் என்பது அறிவிப்புக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டியது.

இவ்வகைத் தொழிலாளர் இந்தியாவில் 2020-21இல் 77 இலட்சம் பேர் என்று அரசாங்கத்தின் நிதி ஆயோக் மதிப்பிட்டது. உணவு சுமப்போரும், வாடகை வண்டி ஓட்டுவோரும், பிறரும் இதில் அடங்குவர். 2029-30இல் அது இரண்டு கோடி முப்பத்தைந்து இலட்சமாகும் என்பது அதே அறிக்கையின் எதிர்பார்ப்பு. சட்டம் இவர்களை மெல்லவே கண்டுகொண்டது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டக்கோவை முதன்முறையாக இவர்களுக்கு ஒரு பெயர் கொடுத்தது. கம்பனிகள் தம் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு வீதம் வரை இவர்களின் நலநிதிக்குக் கொடுக்க வேண்டுமென்றது. அச்சட்டக்கோவை நடைமுறைக்கு வர ஐந்தாண்டு சென்றது. 2025 நவம்பர் 21ஆம் நாளில்தான் வந்தது. அதற்கு முன்பே 2023இல் இராஜஸ்தான் மாநிலம் தனிச் சட்டம் செய்தது. சென்னை மாநகராட்சி 2025 ஜூனில் அண்ணா நகரில் இவர்கள் இளைப்பாறக் குளிரூட்டிய அறையொன்றைத் திறந்தது. கட்டளைக்கும் கட்டளைக்கும் இடையில் மரநிழலில் வண்டிமேல் சாய்ந்திருந்தவர்களுக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கிடைத்தன.

2025 டிசம்பர் 25ஆம், 31ஆம் நாட்களில் இந்தியாவின் பல நகரங்களில் இவர்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தனர். கூலி உயர்வும், பத்து நிமிட வாக்குறுதியை ஒழிப்பதும் கோரிக்கைகளுள் அடங்கும். வருட முடிவு இரவு அக்கம்பனிகளுக்கு ஆண்டின் பெரும் அறுவடை நாள். நாளைத் தேர்ந்தெடுத்ததில் பிழை இல்லை. ஆயினும் அன்றிரவு கட்டளைகள் நிற்கவில்லை. மாற்றம் இரண்டு வாரம் கழித்து வந்தது. 2026 ஜனவரியில் மத்திய தொழில் அமைச்சர் கம்பனிகளோடு பேசியபின், பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிடம் என்னும் வாசகத்தை நீக்கியது.

2024 அக்டோபரில் கோயலும் அவர் மனைவியும் சிவப்புச் சட்டை அணிந்து, குருகிராமில் மோட்டார்ச் சைக்கிளில் உணவு கொண்டு சென்றனர். ஓர் அங்காடி மாளிகையில் மூன்றாம் மாடியிலிருந்த கடையில் உணவை எடுக்க வேண்டியிருந்தது. முன்வாயிலாற் செல்ல விடவில்லை. வேறு வழியாகப் போகும்படி காவலர் சொன்னார். அவ்வழியே சென்றவர், உணவு சுமப்போருக்கு மின்தூக்கி இல்லை, படிக்கட்டுத்தான் என்று அறிந்தார். மூன்று மாடிகளையும் நடந்தே ஏறினார். அங்கே தம்மைப்போல் காத்திருந்த மற்ற ஓட்டுநர்களோடு தரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். காவலர் சிறிது அயர்ந்த வேளையில் உள்ளே நுழைந்து உணவைப் பெற்றுக்கொண்டார். இதனை அவரே பின்னர் உலகுக்கு அறிவித்தார். கம்பனி தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றவர்கள் அந்தப் படிகளை நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.